எப்படிப்பட்டவர்கள் கிளம்புகிறார்கள் என்று உன் அம்மா கேட்டாள்

காவல்கிணறு,
மார்ச் 26.

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். காற்று இன்னும் தொடங்கவில்லை. காற்றாலைகள் சும்மா நிற்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை நீ மோட்டார் சைக்கிளில் லடாக் போகப்போவதைப் பற்றிச் சொன்னபோது, "சரி, பார்க்கலாம்" என்பதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. பக்கத்தில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நீ போனை வைத்த பிறகு அவள் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "வீட்டில் நிம்மதி இல்லாதவங்கதானே இப்படி வண்டியை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போவாங்க? நம்ம பிள்ளைக்கு இங்க என்ன குறை வச்சோம்?" என்றாள். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை, தன்மேல்தான் சந்தேகம். நாலைந்து நாளாக வேலைக்கு நடுவே இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும். ஆகையால் உனக்கு எழுதுகிறேன். நீ போனில் அவளுக்கு வாசித்துக் காட்டு.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஸ்ரீநகரில் தொடங்கிக் குமரியில் முடிகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. அதன் கடைசி முப்பது கிலோமீட்டருக்குள் நம் பட்டறை இருக்கிறது. வடக்கிலிருந்து வருகிறவர்கள் பயணம் முடியப்போகிற முகத்தோடும், குமரியில் புறப்பட்டவர்கள் தொடங்கி அரை மணி நேரமே ஆன முகத்தோடும் நம் வாசலில் நிற்கிறார்கள். முன்னவருக்குச் செயின் தேய்ந்திருக்கும், பின்னவருக்குப் பெட்டி கட்டிய கயிறு அவிழ்ந்திருக்கும். 1991-இல் நான் கடை போட்டபோது மாதத்துக்கு ஒருவர் வந்தாலே அதிகம். அவரும் டில்லி கரோல்பாக்கில் பழைய புல்லட் வாங்கி ஓட்டிவந்த வெளிநாட்டவராக இருப்பார். இப்போது மார்கழி, தை மாதங்களில் ஒரே நாளில் ஐந்தாறு வண்டிகள் வந்துவிடுகின்றன. வேலை முடிந்ததும் ஒவ்வொரு வண்டியையும் பணகுடி வரை ஓட்டிப் பார்த்துத் திரும்புவது என் வழக்கம் அல்லவா? லடாக்கைப் பார்த்த வண்டி, பூட்டானுக்குப் போய்வந்த வண்டி என்று எத்தனையோ வண்டிகளை ஓட்டியிருக்கிறேன். எல்லாம் பணகுடி வரைதான்.

எண்ணிக்கைக்காக ஓட்டுகிறவர்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் 'அயர்ன் பட்' என்றொரு சங்கம் உண்டு. 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது 1,609 கிலோமீட்டர், ஓட்டியதாகப் பெட்ரோல் ரசீதுகளோடு நிரூபித்தால் சான்றிதழ் தருவார்கள். நம் நாட்டிலும் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் அப்படி ஒரு பையன் வந்து நின்றான். ஹெல்மெட்டின் வாரைக் கழற்ற அவன் விரல்கள் மடங்கவில்லை, நான்தான் கழற்றிவிட்டேன். எந்த ஊர் வழியாக வந்தாய் என்று கேட்டால் கிலோமீட்டர்தான் சொன்னான். ஊர்ப் பெயர் ஒன்றும் அவன் நினைவில் இல்லை. பழைய டயர் அடுக்கின்மேல் அரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போனான். அந்த உடல் உறுதியை மெச்சுகிறேன். ஆனால் நீ அப்படிப் போவதாக இருந்தால் உன் வண்டியில் கைவைக்க மாட்டேன்.

உன் அம்மா நினைப்பதுபோல இவர்கள் எல்லாரும் இளவட்டங்கள் அல்லர். நம் வாசலில் நிற்கிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். இருபது வயதில் புல்லட்டுக்கு ஆசைப்பட்டு, தங்கை திருமணம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று தள்ளிக்கொண்டே வந்து, ஐம்பத்தைந்தில் அதை வாங்கியவர்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். இன்றைய வண்டிகளில் அது மாறிவிட்டது. கியர் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்துவிட்டு அசடு வழிகிறவரைப் பார்த்தால், அவர் எந்தக் காலத்தில் வண்டி பழகியவர் என்று எனக்குப் புரிந்துவிடும். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களை வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வயது 1990-இல் 32 ஆக இருந்து 2018-இல் 50 ஆகிவிட்டது என்று அந்த நாட்டுத் தொழில்துறைக் கணக்கு சொல்கிறது. இங்கே வண்டி என்பது வேலைக்குப் போகிற வாகனம். அதனால் அந்தக் கணக்கை நமக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தூரப் பயணம் போகிறவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அது எனக்கு வியப்பாக இல்லை. டெட் சைமன் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 1973-இல், தம் 42-ஆம் வயதில், 500 சிசி டிரையம்ப் வண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டு நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளைக் கடந்தார். அது போதாதென்று 2001-இல், எழுபதை நெருங்குகிற வயதில், பெரும்பாலும் அதே வழியில் மறுபடியும் கிளம்பினார்.

காரணங்கள் எல்லாம் பெரிதாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்க இளைஞர், கட்டடக்கலை படித்து முடித்த கையோடு, 1932-இல் லண்டனில் ஒரு விருந்தில் ஊருக்கு எப்படித் திரும்பப்போகிறாய் என்று கேட்டவர்களிடம் மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார். அதே மேசையில் வண்டி உற்பத்தி செய்கிறவர் ஒருவர் இருந்து, வண்டி நான் தருகிறேன் என்றதும், சொன்ன சொல்லை விழுங்க முடியவில்லை. பதினேழு மாதம் ஓட்டினார். நம் நாட்டு வழியாகவும் போனார்.

ஆனால் உன் அம்மாவுக்கு நான் சொல்ல விரும்புவது ஆன்-பிரான்ஸ் தோத்வில் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் கதையை. பாரிஸில் விளம்பர வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். 1972-இல் நூறு பேர் அளவுக்கு ஆண்கள் சென்ற ஒரு குழுப் பயணத்தில் ஒரே பெண்ணாகச் சேர்ந்து ஈரானில் இருக்கிற இஸ்ஃபஹான் வரை வண்டி ஓட்டினார். திரும்பி வந்ததும், இந்தப் பெண் ஓட்டியிருக்க மாட்டாள், வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று பேச்சு கிளம்பியது. அவர் யாரோடும் வாதாடவில்லை. அடுத்த ஆண்டே தனியாகப் புறப்பட்டு உலகைச் சுற்றிவிட்டார். வண்டி எது தெரியுமா? 125 சிசி கவாசாகி. நம் ஊரில் அந்த அளவு வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வள்ளியூர்ச் சந்தைக்குப் போகிறார்கள்! வண்டி பெரிதாக இருந்தால்தான் தூரம் போகலாம் என்று கடையில் வந்து அளக்கிற பையன்களிடம் இதை நான் சொல்வதுண்டு. அந்தப் பெண்மணிக்கு வீட்டில் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊர் வாயில்தான் குறை.

இனி நானே நேரில் கண்ட ஒருவர். நாக்பூர்க்காரர், ரயில்வே தபால் பிரிவில் கடிதங்களைப் பிரித்துப் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை, பொழுது சாய்ந்தால் ஓட்டுவதில்லை என்று வைத்திருந்தார். பிரேக் ஷூ மாற்றுவதற்காக வண்டியை ஸ்டாண்டில் போட்டபோதுதான் கவனித்தேன்: பழைய கிளட்ச் கேபிளோடு சேர்த்து, அது போகிற வளைவுகளிலேயே, ஒரு புதுக் கேபிளையும் ஓட்டி மூன்று இடங்களில் டேக் போட்டுக் கட்டியிருந்தார். இரண்டு முனைகளிலும் மண்ணும் மழையும் புகாதபடி சைக்கிள் டியூப் துண்டைச் செருகி நூலால் இறுகச் சுற்றியிருந்தது. நடுவழியில் கேபிள் அறுந்தால் டேங்கைக் கழற்றிப் புதிதாக ஓட்ட ஒரு மணி நேரம் ஆகும். இப்படி இருந்தால் முனைகளை மாற்றி மாட்டப் பத்து நிமிடம் போதும். அவ்வளவு சீராகக் கட்டியதை நான் வேறு எந்த வண்டியிலும் பார்த்ததில்லை.

எதற்காக இப்படிச் சுற்றுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். முப்பது வருடங்களாக 627 என்று தொடங்கும் உங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பின்கோடுள்ள கடிதங்களை அலமாரியின் ஒரே கட்டத்தில் போட்டுக்கொண்டே இருந்தேன், அந்த ஊர்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தேன் என்றார். அன்று மாலை நம் வீட்டில்தான் சாப்பிட்டார். உன் அம்மா வைத்த புளிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அவளிடம் இதை நினைவுபடுத்து. ஓடிப்போகிறவன் மாற்றுக் கேபிளை இவ்வளவு அக்கறையாகக் கட்டிக்கொண்டு போவதில்லை. திரும்பி வர நாள் குறித்துவைத்திருக்கிற மனிதர்தான் அப்படிக் கட்டுவார்.

ஓடிப்போகிறவர்களும் உண்டு, அதை உனக்கு மறைக்கமாட்டேன். வேலையை உதறிய மறுநாளே, வண்டியைச் சரிபார்க்காமலே, இரவோடு இரவாகக் கிளம்பிய நான்கு பையன்களில் ஒருவன் வள்ளியூருக்கு முன்னால் விடியற்காலை நாலு மணி வாக்கில் தூங்கிவிட்டான். வண்டியைக் காவல் நிலையத்திலிருந்து நம் கடையில் கொண்டுவந்து போட்டார்கள். இருபது நாள் கழித்து அவனுடைய தகப்பனார் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஓடுமா?" என்று கேட்டார். ஓடும் என்றேன். "வித்துருங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனார். இரவில் ஓட்டாதே என்று நான் உன்னிடம் நூறு முறை சொல்வதற்குப் பின்னால் அந்த மனிதருடைய நடை இருக்கிறது.

அப்படியென்றால் பேருந்தில் போகலாமே, காரில் போகலாமே என்று உன் அம்மா அடுத்துக் கேட்பாள். கேட்டுக் கேட்டு நான் புரிந்துகொண்டது இதுதான். காரில் போகிறவரிடம் யாரும் வந்து பேசுவதில்லை. வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறவரிடம் டீக்கடைக்காரர் முதல் ஆடு மேய்க்கிறவர் வரை, எங்கிருந்து வாறீங்க, எங்க போறீங்க, வீட்டில் யாரெல்லாம் என்று விசாரித்துவிடுகிறார்கள். தனியாகக் கிளம்புகிற பெண்கள் பலர் இந்த விசாரிப்புக்குத்தான் முதலில் பயந்ததாகவும், பிறகு அதற்காகவே அடுத்த ஊரில் நிறுத்தியதாகவும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று, ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் ஒருவரும் உன்னைக் கூப்பிட முடியாது. நாள் முழுவதும் நாலு பேருக்குப் பதில் சொல்கிற வேலையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்பது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. நீயும் அப்படிப்பட்ட வேலையில்தான் இருக்கிறாய். கயத்தாறு தாண்டியதும் அடிக்கிற கரிசல் மண் வாசமும், மழைக்கு முன்னால் வருகிற குளிர் காற்றும் கண்ணாடி ஏற்றிய காருக்குள் எப்படி வரும்?

நீ எதற்காகப் போகிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. பலரிடம் கேட்டிருக்கிறேன், புறப்படும்போது சொன்ன காரணத்தையே திரும்பி வரும்போதும் சொன்னவர்கள் மிகக் குறைவு.

வழியைப் பற்றி மட்டும் கொஞ்சம். மணாலியைத் தாண்டி 2020-இல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப் பாதை வழியாகப் போனால் ரோத்தாங் கணவாயின் சகதியிலிருந்து தப்பிக்கலாம். தண்டி என்னும் இடத்துப் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று வெகுகாலமாக ஒரு பலகை நிற்கிறது. அங்கே டேங்கை நிரப்பியதோடு ஐந்து லிட்டர் கேனிலும் வாங்கிக் கட்டிக்கொள். தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டிகள் அங்கே பெட்ரோலை விழுங்கிக் கரும்புகை கக்கி நிற்கும். உன் ஹிமாலயன் வண்டியில் இருக்கிற இன்ஜெக்‌ஷன் அதற்கேற்பப் பெட்ரோலைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். உன் நுரையீரலுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. மணாலியில் இரண்டு இரவு, கேலாங்கில் ஓர் இரவாவது தங்கிவிட்டு மேலே போ. தலைவலியோடு வாந்தியும் வந்தால் கீழே இறங்கு; சேர்ந்து வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே.

எப்படியும் குமரியிலிருந்துதான் தொடங்குவேன் என்கிறாய். மே கடைசியில் கூடுதலாக இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வண்டியோடு பெங்களூரிலிருந்து பகலில் கிளம்பி வா. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற வேண்டும். பின் டயரை நேரில் பார்த்துத்தான் சொல்வேன். கிளட்ச் கேபிளை நாக்பூர்க்காரர் கட்டியது போலவே கூட ஓட்டிக் கட்டித் தருகிறேன். சைக்கிள் டியூப் துண்டுகூட வெட்டி வைத்துவிட்டேன். அதை நீயே ஒரு முறை மாற்றி மாட்டிக் காட்டவேண்டும், உன் அம்மாவை வைத்துக்கொண்டு. அதன் பிறகு வழக்கம்போலப் பணகுடி வரை ஓட்டிப் பார்க்கவேண்டும். இந்த முறை நீ ஓட்டு. நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா