அறுபதுக்கு மேல் முதன்முதலாக வரும் மனச்சோர்வு: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து உங்கள் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். நல்ல வேலை. அறுபது தாண்டியவர்களிடம் இன்னொன்றையும் அவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

"ஒண்ணும் பிடிக்கலை, சோறு இறங்கலை." நம் பெரியவர்கள் மனச்சோர்வை இப்படித்தான் சொல்வார்கள். "வயசாச்சுல்ல" என்று பிள்ளைகள் விட்டுவிடுவார்கள், சில டாக்டர்களும்தான். இளவயதில் வந்த மனச்சோர்வு திரும்ப வருவது வேறு, வாழ்நாளில் ஒருமுறைகூட வராதவருக்கு எழுபதில் வருவது வேறு. பார்க்கின்சன், அல்சைமர் நோய்களில் நடுக்கமோ மறதியோ வெளியே தெரியும் முன்பே சிலருக்கு மனச்சோர்வு தலைகாட்டிவிடுகிறது.

இப்படி முதுமையில் வரும் மனச்சோர்வின் காரணங்களில் ஒன்றாகச் சந்தேகிக்கப்படுவது மூளை அழற்சி, அதாவது மூளைக்குள் நடக்கும் தற்காப்பு எதிர்வினை. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா, தொற்றோ சேதமோ நேர்ந்தால் அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கும். வயதானால் அவை லேசில் அடங்குவதில்லை. அழற்சி மனதைத் தொடும் என்பதற்குப் பழைய சாட்சி உண்டு: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-க்கு, அழற்சியைத் தூண்டக்கூடிய இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களில் கணிசமானவர்களுக்கு, முன்பு மனநலச் சிக்கலே இல்லாதவர்கள் உட்பட, மனச்சோர்வு வந்தது. 2015இல் டொராண்டோ ஆய்வாளர்களும் மனச்சோர்வில் இருந்தவர்களின் மூளையில் அழற்சியின் அடையாளம் கூடுதலாக இருப்பதை, மூளைக்குள் நடப்பதைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் முதியவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயப்படாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பெட் ஸ்கேன் கேட்கவில்லை. இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டமில்லையா என்று கேட்பதோடு, "இதற்கு முன் எப்போதாவது இப்படி இருந்ததுண்டா?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடாமல் ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு பாருங்கள். இவை குறைந்தாலும் இதே சோர்வு வரும், சரிசெய்யவும் முடியும். கூடவே ஒரு சின்ன நினைவாற்றல் சோதனை, நடையையும் கையசைவையும் ஒரு பார்வை. சில வாரங்களுக்குள் குழப்பமோ வலிப்போ சேர்ந்துகொண்டால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அதற்காகத் துணையை இழந்தவரின் அழுகையை எல்லாம் மூளை நோயாக்க வேண்டாம். மனச்சோர்வு வந்த எல்லோருக்கும் மறதிநோய் வந்துவிடுவதும் இல்லை. மனச்சோர்வுக்கான சிகிச்சை தள்ளிப்போகவே கூடாது. அப்புறம், ஆறு மாதம் கழித்து அதே ஆளைத் திரும்பப் பார்க்க வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி. அதற்குப் பதிவேட்டில் ஒரு பத்தியும், அதைப் படித்து நடவடிக்கை எடுக்கப் பொறுப்பான ஒரு மருத்துவரும் வேண்டும். முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில் தொடங்கினாலும் சரி.

இப்படிக்கு,
முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் குடும்பத்தினர்