உப்பு நம் சாலைக்கும் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்காலத்தில் காரைக் கழுவிப் பராமரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெழுகு பூசச் சொன்னது, பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம் என்றது எல்லாம் சரி. ஆனால் பனி உறையும் நாடுகளில் சாலையில் உப்பு தூவுவதால் வண்டியின் அடிப்பாகம் துருப்பிடிக்கும், நமக்கு அந்தக் கவலை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எழுதியவர் கார்த்திகை மாதத்தில் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி ஓட்டியதில்லை போலும்.

நான் திருவொற்றியூர்க்காரன். எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் கருங்கல் குவியல்தான் காவல். கடல் பொங்கும் நாட்களில் அலை கல்லில் மோதித் தெறிக்கிற சாரல் சாலைக்கே வந்துவிடும். வைப்பர் இரண்டு முறை போய் வந்தால் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். ஒரு நாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஊறுகாயே போடலாம்.

அடைமழைக் காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசவென்று ஆகிறதல்லவா? காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். மார்கழி விடியற்காலையில் இங்கே அதற்குக் குறைவே இல்லை. மட்கார்டின் உட்பக்கம் ஒட்டிய உப்பும் அப்படித்தான், மழை விட்டாலும் காயாது. எங்கள் டிங்கரிங் கடைக்காரர் போன வருடம் என் காரின் கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பிஸ்கட்டில் குத்தியதுபோல உள்ளே போய்விட்டது. மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய 7,000 ரூபாய் ஆயிற்று.

அதே சமயம் அவர் இன்னொன்றையும் காட்டினார். கதவை ஆட்டினால் உள்ளே சொம்புத் தண்ணீர் போலக் களக் களக்கென்று சத்தம். கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற ஒவ்வொரு கதவின் அடியிலும் சின்ன ஓட்டைகள் உண்டு. என் வண்டியில் அவை சேறும் சாம்பலுமாக அடைத்திருந்தன. ஒரு ஹேர்பின்னை விட்டுக் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. எத்தனை நாள் நின்றதோ. இப்போது மழைக்காலம் தொடங்குமுன் நானே நான்கு கதவிலும் குத்திவிடுகிறேன்.

அப்புறம், காலையில் பனி ஈரத்தோடு வண்டியைத் துணியால் துடைக்கும் பழக்கம். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான். பனி பெய்து வண்டி நனைந்திருக்கிறதே, தண்ணீர் மிச்சம் என்று நினைப்பு. வாடைக்காற்று அடித்தால் எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூளும் இங்கே வந்து படியும். அந்தச் சாம்பல் நுண்ணிய மணல் மாதிரி. அதை ஈரத்துணியால் இழுப்பது உப்புத்தாள் போடுவதுதான். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பானெட் முழுக்க வட்டவட்டமாகக் கீறல் தெரியும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, பிறகு துணியைத் தொட வேண்டும். போகி முடிந்த மறுநாள் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

கவர் போட்டால் தப்பிக்கலாம் என்றும் கட்டுரையில் இருந்தது. காய்ந்த, சுத்தமான வண்டிக்குச் சரி. நனைந்த வண்டிமேல் ரெக்சின் கவரைப் போட்டு மூடினால் உப்பையும் ஈரத்தையும் சேர்த்துக் கட்டி வைத்த மாதிரிதான்.

கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவி வெயிலில் விட்டால் வெள்ளைத் திட்டுதான் மிச்சம். குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீரைக் காருக்கு ஊற்றினால் வீட்டில் சோறு கிடைக்காது. அதனால் மொட்டைமாடிக் குழாய்க்குக் கீழே ஒரு டிரம் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை இரண்டு பக்கெட் மழைத்தண்ணீர், அதில் ஒன்றரை பக்கெட் சக்கரத்துக்கு மேலேயும் வண்டிக்கு அடியிலேயும். மேலே கழுவ மிச்சம் அரை பக்கெட்தான். நல்ல மழை பிடித்துக்கொண்டால் அந்த வேலையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், நான் என் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவொற்றியூர், சென்னை.