எங்கள் மேக்ஃபைலைச் சீர்செய்து தந்தவர்களுக்கு நன்றி மடல்

யாழ்ப்பாணம்

அன்பும் மதிப்பும் மிக்க நண்பர்களுக்கு,

வாசிகசாலைகளின் நூற்பட்டியலுக்காக நாம் எழுதிவரும் சி நிரலை, லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஆப்பிளின் மேக்ஓஎஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் ஒரே மேக்ஃபைலை (நிரலைக் கட்டமைக்கும் முறையை ‘மேக்’ (make) என்னும் கருவிக்குச் சொல்லும் கோப்பை) கொண்டு, ஒரு வரியைக்கூடக் கையால் மாற்றாமல் இப்போது கட்டமைக்க முடிகிறது. இதற்கு வழிசெய்தவர்கள் நீங்கள்.

கோண்டாவில் அக்கா, லினக்ஸில் வழக்கமான குனூ மேக் கருவியின் நிபந்தனை வரிகளை ஃப்ரீபிஎஸ்டியின் மேக் கருவி ஏற்காது என்பதை உங்கள் மடிகணினியில் இயக்கிக் காட்டி, அவற்றை முற்றாக நீக்கிவிட்டு, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பொதுத் தரமான போசிக்ஸைப் பின்பற்றச் சொல்லும் “.POSIX” இலக்கை முதல் வரியில் வைத்து, கோப்புப் பெயரின் பின்னொட்டைக் கொண்டு எதை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் பழைய பின்னொட்டு விதிகளாலேயே எழுதலாம் என்று வழிகாட்டினீர்கள். ரொறன்ரோவிலிருந்து உதவிய தம்பி, மேக்ஓஎஸ்ஸுக்கான ஆப்பிளின் நிரலாக்கக் கருவிகளோடு வருவது 2006ஆம் ஆண்டின் குனூ மேக் 3.81 என்பதையும், ஒரு கட்டளையின் விடையை மாறியில் இடும் “!=” குறி அதற்குத் தெரியாது என்பதையும் சுட்டிக்காட்டியதால் அந்த வரியும் நீங்கியது.

திருநெல்வேலி ஆசிரியர் ஐயாவுக்கு நான் பட்ட கடன் பெரிது. இயங்குதளத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம், வேண்டிய வசதி அங்கே இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். எழுத்துச்சரத்தைப் படியெடுக்கும் எஸ்டிஆர்எல்சிபிவை (strlcpy) என்னும் செயற்கூறு ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்ஓஎஸ்ஸிலும் நெடுங்காலமாக இருக்க, லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் குனூ சி நூலகத்தில் 2023இல் வந்த 2.38ஆம் பதிப்பிலேயே சேர்ந்தது. ஆகவே லினக்ஸ் என்ற பெயர் மட்டும் நமக்கு எதையும் சொல்லாது. அவர் எழுதித் தந்த சிறிய ஷெல் ஸ்கிரிப்ட், நான்கைந்து வரி நிரலொன்றைக் கம்பைல் செய்து பார்த்து, கிடைத்த விடைகளைத் தனிக் கோப்பில் எழுதிவைக்கிறது. மேக்ஃபைல் அதனை உள்ளிணைத்துக்கொள்கிறது. டேவிட் மக்கென்சி 1991இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப் என்னும், இத்தகைய சோதனை ஸ்கிரிப்ட்களை உருவாக்கும் கருவி காட்டிய நெறி இதுவே. நமது நிரலின் அளவுக்கு அந்தப் பெருங்கருவி தேவையில்லை என்ற ஐயாவின் கணிப்பும் மிகச் சரியானது என்றே கருதுகிறேன்.

1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக் கருவி, இன்றும் நமது வாசிகசாலைகளின் பழைய கணினிகளில் கூடுதலாக எதையும் நிறுவாமல் பயன்படுகிறது என்பதால், அவரையும் நன்றியோடு நினைக்கிறேன்.

நிரலோடு செல்லும் நன்றிக் கோப்பில் உங்கள் பெயர்களைச் சேர்க்க விரும்புகிறேன். அடுத்த பதிப்பு வெளிவருமுன் உங்கள் சம்மதத்தைத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
நூற்பட்டியல் நிரலின் பராமரிப்பாளர்