பத்து புஷல் ஓட்ஸ்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. சந்தையில் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரைப் பார்த்ததாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மைக்கேல் மர்ஃபி ஞாபகமாகவே இருக்கிறது. அவனும் லாடக்காரன்தான். அயர்லாந்தில் டிப்பரரி பக்கம் காஹிர் என்ற ஊர். 1855-இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தவன்.

நம் ஊரில் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ப்பார்கள். குதிரை நின்றபடியே இருக்கும். காலைத் தூக்கித் தன் தொடைகளுக்கு நடுவே வாங்கிக்கொண்டு, பழுக்கக் காய்ச்சிய லாடத்தைக் குளம்பில் வைத்தால் முடி கருகுவது போல ஒரு நாற்றம். ஆணி கொஞ்சம் உள்ளே போய்விட்டாலும் குதிரை நொண்டும். படையில் சண்டை முடிந்ததும் பிழைக்காத குதிரையைக் கோடாலியால் முடிப்பதும் இவர்கள் வேலைதான்.

1858 ஏப்ரல் 15. 1857 கலகத்தின் தலைவர்களில் ஒருவரான குன்வர் சிங்கின் படை வடக்கே ஆஜம்கரிலிருந்து பின்வாங்குகிறது, வெள்ளைக்காரன் துரத்துகிறான். ஹாமில்டன் என்ற லெப்டினன்ட் குதிரையிலிருந்து விழுந்து, நம் சிப்பாய்கள் சுற்றி நின்று வெட்டுகிறார்கள். மர்ஃபி உள்ளே புகுந்து பலரை வெட்டிச் சாய்த்து, தனக்கும் பலத்த காயம் பட்டும், உதவி வரும்வரை அந்த ஆளை விட்டு நகரவே இல்லை. சாமுவேல் மார்லி என்பவனும் கூட நின்றான். ஆனாலும் ஹாமில்டன் பிழைக்கவில்லை. வெட்டுப்பட்டவர்கள் நம் ஆட்கள், எனக்கு அவன்மேல் பாசம் வர நியாயமே இல்லை, இருந்தும் வருகிறது, என்ன செய்ய? வீரத்துக்கு வெள்ளைக்காரன் தரும் மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸை அவனுக்குக் கொடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1872-இல் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் ராணுவ முகாமில் அவன்மேல் திருட்டு வழக்கு. பொன்னோ வெள்ளியோ இல்லை, பத்து புஷல் (பழைய தானிய அளவை) ஓட்ஸ், ஆறரை பவுண்டு உலர்ந்த புல். அந்தப் புல் ஒரு குதிரைக்கு அரை நாள் தீனி, அவ்வளவுதான். ஒன்பது மாதம் கடுங்காவல். விக்டோரியா கிராஸும் பறிபோனது. அப்படி அதை இழந்தவர்கள் மொத்தமே எட்டுப் பேர். திருடியது தப்புதான், சிறை சரி. ஆனால் 1858-இல் செய்ததை 1872-இல் எப்படித் திருப்பி வாங்க முடியும்? தூக்குமேடை ஏறினாலும் அதை அணிந்தே ஏறட்டும் என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பிறகு சொன்னார், 1920-இல். அதற்குள் மர்ஃபி செத்து 27 வருஷம்.

கடைசிக் காலத்தில் மர்ஃபி இங்கிலாந்தின் டார்லிங்டனில் ஹேவ்லாக்-ஆலன் என்ற பிரபுவின் பண்ணையில் கூலி வேலை பார்த்தான். அந்தப் பிரபுவும் 1857 கலகத்தில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர்தான், அவருடையதை யாரும் பறிக்கவில்லை. 1893 ஏப்ரலில் மர்ஃபி அங்கேயே இறந்தான்.

சரி, முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படிதான் ஏற முடியவில்லை. அடுத்த வாரம் சந்தைக்கு வருகிறேன், அந்த லாடக்காரரிடம் பழைய லாடம் ஒரு ஜோடி கேட்டு வை. மாட்டுக்கு ஒரு காலுக்கு இரண்டு துண்டு என்று சொன்னால் பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள்.