ஒரு செமஸ்டருக்கு மேடிசன் வரும் மகளுக்காக

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே மெண்டோட்டா ஏரியில் பனிக்கட்டி உருகிவிட்டது. பல்கலைக்கழகக் கரையில் மஞ்சளும் பச்சையும் ஆரஞ்சுமாக நாற்காலிகளை எடுத்து வெளியே போட்டாயிற்று.

உன் மகளுக்கு இங்கே, அமெரிக்காவில் மேடிசன் நகரத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ஒரு செமஸ்டர் இடம் கிடைத்தது பெரிய சந்தோஷம். என்னென்ன வாங்கிக் கொடுத்தனுப்பலாம் என்று கேட்டிருந்தாய். சாமான் கிடக்கட்டும், அது கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான்கு வருடம் படிக்க வருகிறவர்கள் செப்டம்பரில் தவறினால் ஜனவரியில் சரிசெய்துகொள்வார்கள். இவளுக்கு ஜனவரி கிடையாது. மொத்தமே பதினைந்து வாரம்தான். அதனால் இவள் விஷயத்தில் பாதி வேலை மதுரையிலேயே, மே, ஜூனிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதா? நம்மவர்கள் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். அப்படியே விட்டால் அமெரிக்க விசாவில் அவள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், கிவன் நேம் இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது 'முதல் பெயர் தெரியாது', என்று விழும். அதற்குப் பிறகு வங்கி, இன்சூரன்ஸ், அடையாள அட்டை என்று ஒவ்வொரு கவுண்டரிலும் ஒவ்வொரு மாதிரி பதிவாகி, ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். உன் பெயரைச் சர்நேமாகப் போட்டு இப்போதே புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடு. விசாவுக்கான தகுதிச் சான்றான டி.எஸ்.-2019 படிவம் வருவதற்கு முன்னால் இது முடிய வேண்டும். அந்தப் படிவம், செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் கணினிப் பதிவேடு) ரசீது, டி.எஸ்.-160 விசா விண்ணப்பம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

டி.எஸ்.-2019தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். பல்கலைக்கழகம்தான் அனுப்பும். கையில் வந்ததும் செவிஸ் கட்டணம் 220 டாலர், பிறகு விசாக் கட்டணம் 185 டாலர், பிறகு சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். அந்தப் படிவத்தில் இரண்டு இடங்களை நன்றாகப் பார்க்கச் சொல். ஒன்று தொடக்க, முடிவுத் தேதிகள். தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். முடிவுத் தேதிக்குப் பிறகு 30 நாள் தங்கி ஊர் சுற்றலாம். ஆனால் அந்த நாட்களில் கனடா பார்த்துவிட்டு வருகிறேன் என்று எல்லை தாண்டினால் அதே விசாவில் திரும்ப நுழைய முடியாது. இன்னொன்று, படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதி அவளுக்குப் பொருந்துமா என்ற குறிப்பு. அந்த விதிக்கான நாடுகளின் பட்டியலை 2024 டிசம்பரில் திருத்தியபோது இந்தியாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இந்திய அரசோ அமெரிக்க அரசோ உதவித்தொகை கொடுத்திருந்தால் அந்த விதி பொருந்தும். பின்னால் ஹெச்-1பி, கிரீன் கார்டு என்று யோசிக்கும்போது இதுதான் குறுக்கே நிற்கும், அதனால் இப்போதே தெரிந்திருக்கட்டும்.

பணத்தில் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெளிந்துகொள். இரு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருந்து அதன்படி வந்தால் படிப்புக் கட்டணத்தை அங்கேயே கட்டுவீர்கள், இங்கே அறை, சாப்பாடு, இன்சூரன்ஸ், சில்லறைக் கட்டணங்கள் மட்டும். ஒப்பந்தம் இல்லாமல் வருகை மாணவராக வந்தால் முழுக் கட்டணமும் இங்கே கட்ட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் லட்சக்கணக்கில் வரும். அனுமதிக் கடிதத்தில் எது என்று தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வை.

அடுத்தது தடுப்பூசி. இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சிக்குகிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) இரண்டு டோஸ் போட்ட சான்று கேட்கும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்டது எம்.ஆர்.; தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான், பொன்னுக்குவீங்கி அதில் சேராது. சின்ன வயதில் தனியார் கிளினிக்கில் எம்.எம்.ஆர். போட்டிருந்தால் பழைய அட்டையில் தேதி இருக்கும். இல்லையென்றால் இப்போது இரண்டு டோஸ், நடுவில் குறைந்தது 28 நாள் இடைவெளி விட்டுப் போட வேண்டும். இந்தக் கணக்கினால்தான் ஜூலைக் கடைசியில் ஆரம்பித்தால் முடியாது. காசநோய்ப் பரிசோதனையும் கேட்கலாம். பிறந்தபோது காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, அலைச்சல். அதனால் இக்ரா என்னும் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கச் சொல், பி.சி.ஜி. அதைப் பாதிக்காது. சொத்தைப் பல் இருந்தால் அங்கேயே அடைத்துவிடுங்கள், கண்ணாடி இரண்டு செட் இருக்கட்டும். மாணவர் இன்சூரன்ஸில் பல்லும் கண்ணும் பெரும்பாலும் சேராது.

இன்சூரன்ஸ் என்றதும் சொல்கிறேன். இவளைப் போல ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் வருகிறவர்களுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சம், ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர். சென்னையில் மலிவாகப் பயணக் காப்பீடு விற்பவர்களிடம் எடுத்துவிடாதே. மேடிசனில் பல்கலைக்கழகத்தின் திட்டத்தில்தான் சேர வேண்டும், இரட்டைச் செலவாகிவிடும். காய்ச்சல், வயிற்றுவலி என்றால் நேரே மருத்துவமனை எமர்ஜென்சிக்கு ஓட வேண்டாம், பில் மலைக்க வைக்கும். வளாகத்தின் மருத்துவ மையத்தில் மாணவர்களுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 911.

இப்போது பாடங்கள். எனக்கு இதுதான் மனதுக்கு நெருக்கமான பகுதி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அவள் நான்கு பாடம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நான்கு போதாது, பத்து வேண்டும். பட்டம் படிக்கும் மாணவர்கள் பதிவு செய்த பிறகுதான் இவர்களைப் போன்றவர்களுக்கு முறை வரும். கணினித் துறைப் பாடங்களில் அதற்குள் இடம் தீர்ந்திருக்கும். பத்துப் பாடங்களின் சிலபஸையும் உங்கள் கல்லூரித் துறைத்தலைவரிடம் காட்டி, எதற்கு எது ஈடு என்று கையெழுத்து வாங்கி வரட்டும். இங்கே வந்தபின் பாடம் மாறினால் மதுரையிலிருந்து அனுமதி வருவதற்குள், பாடத்தைச் சேர்க்கவும் விடவும் தரும் இரண்டு வாரச் சொச்சம் முடிந்துவிடும்.

பதிவு செய்யும்போது 'முன்தேவை நிறைவேறவில்லை' என்று கணினி தடுக்கும். பயப்பட வேண்டாம். உங்கள் கல்லூரியில் அவள் படித்த பாடங்கள் அந்தக் கணினிக்குத் தெரியாது, அவ்வளவுதான். படித்த பாடத்தின் சிலபஸ், மதிப்பெண் பட்டியல் இரண்டையும் பி.டி.எஃப். ஆக இணைத்து அந்தத் துறைக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதினால் அனுமதி கொடுப்பார்கள். இன்னொரு பொறி உண்டு. பெரிய வகுப்புகளுக்கு விரிவுரையோடு சின்னக் கலந்துரையாடல் வகுப்பும், சிலவற்றுக்கு லேபும் சேர்த்தே பதிய வேண்டும். விரிவுரை நேரம் மட்டும் பார்த்துக் கால அட்டவணை போட்டால் லேப் வேறொன்றோடு மோதும். தேர்வும் அப்படியே. சில பாடங்களுக்கு இடைத்தேர்வை மாலையில் வைப்பார்கள், அந்தத் தேதிகளை முதல் நாளே காலண்டரில் குறித்துவிட வேண்டும்.

இளநிலை மாணவருக்குக் குறைந்தது 12 கிரெடிட். முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்காமல் அதற்குக் கீழே இறங்கினால் விசாவே கேள்விக்குள்ளாகும். மேலே எவ்வளவு? 12 அல்லது 13 போதும் என்பேன். இங்கே ஒரு கிரெடிட் என்றால் மொத்தம் 45 மணி நேர உழைப்பு என்று கணக்கு. மூன்று கிரெடிட் பாடம் 135 மணி, வாரத்துக்கு ஒன்பது. நான்கு பாடம் என்றால் வாரம் 36 மணி நேரம். வீட்டுப்பாடம், வினாடி வினா, அறிக்கை என்று வாரம்தோறும் மதிப்பெண் சேர்ந்துகொண்டே போகும். கடைசித் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நவம்பரில் மீளவே முடியாது. நண்பர்களோடு சேர்ந்து கணக்குப் போடலாமா, ஏ.ஐ. பயன்படுத்தலாமா என்பதைப் பாடத்துக்குப் பாடம் சிலபஸில் எழுதியிருப்பார்கள். அதை வரி விடாமல் படிக்கச் சொல். சக மாணவனின் விடையைப் பார்த்து எழுதுவதை இங்கே மிகக் கடுமையாக எடுத்துக்கொள்வார்கள்.

மதிப்பெண்ணில் மேடிசனுக்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. ஏ பிளஸ், பி மைனஸ் எல்லாம் கிடையாது. ஏ, ஏபி, பி, பிசி, சி, டி, எஃப் மட்டும்தான். ஏபிக்கு 3.5, பிசிக்கு 2.5. உங்கள் தேர்வுத் துறைக்கு ஏபி என்றால் புரியாது, பி என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடக்கூடும். மதிப்பெண் விளக்கத்தோடு அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் நேரே கல்லூரிக்குப் போகும்படி அவளே கேட்டு அனுப்ப வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேல் ஆகிவிட்டதால், மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974 சட்டப்படி, தகப்பனே கேட்டாலும் அவள் சம்மதமில்லாமல் மதிப்பெண்ணைச் சொல்லமாட்டார்கள். நீ போன் போட்டு மல்லுக்கட்டாதே.

தங்க இடம்: விடுதி கிடைத்தால் விடுதியே நல்லது. மேடிசனில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவில் தொடங்கிப் பன்னிரண்டு மாதம் ஓடும். நான்கு மாதத்துக்கு வருகிறவள் அதில் கையெழுத்துப் போட்டால் மீதி எட்டு மாத வாடகைக்கும் அவளே பொறுப்பு. வெளியே தங்குவதானால் அந்த செமஸ்டருக்கு வெளிநாடு போகும் மாணவரின் அறையை உள்வாடகைக்குப் பிடிக்கலாம், வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். அறையைப் பார்க்காமல் யாருக்கும் அட்வான்ஸ் அனுப்பாதே. விடுதிக் கட்டில் நீளம் 80 அங்குலம், அதற்கான விரிப்பை இங்கே வாங்கிக்கொள்ளலாம். கெட்டில், மிக்ஸி கொடுத்தனுப்பாதே, இங்கே 120 வோல்ட். கனமான கோட்டும் பூட்ஸும்கூட இங்கேதான் வாங்க வேண்டும், அங்கே கிடைப்பது விஸ்கான்சின் குளிருக்குத் தாங்காது.

வந்து இறங்கியதும் நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்து, ஜே-1 என்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு சர்வதேச மாணவர் அலுவலகத்தில் வருகையைப் பதிய வேண்டும். தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் செவிஸில் உறுதிசெய்யாவிட்டால் அவள் வரவே இல்லை என்று ஆகிவிடும். முகவரி மாறினால் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும். வளாக வேலைக்கு வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு, அதுவும் முன்னரே எழுத்தில் வாங்க வேண்டும். வேலைக்குத் தேவையான சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு அலைந்து முடிப்பதற்குள் பாதி செமஸ்டர் போய்விடும் என்பதால் அவளுக்கு வேலை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஊருக்குத் திரும்பும்போது வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூட வேண்டாம். வெளியே வீடு எடுத்திருந்தால், காலி செய்தபின் அட்வான்ஸைத் திருப்பித் தர இங்கே சட்டப்படி 21 நாள் அவகாசம். அது டாலர் செக்காக மதுரைக்கு வந்தால் மாற்றுவது பெரும்பாடு. கணக்கில் பணம் ஏறிய பிறகு மூடிக்கொள்ளட்டும். ஒரு ரூபாய் சம்பாதிக்காவிட்டாலும் 8843 என்ற வரிப் படிவத்தை அடுத்த வருடம் ஜூன் 15க்குள் தபாலில் அனுப்ப வேண்டும். அப்போது அவள் உன் வீட்டில் இருப்பாள், ஞாபகப்படுத்துவது உன் பொறுப்பு.

பத்துப் பாடங்களின் பட்டியலை இந்த மாதத்துக்குள் அனுப்பச் சொல், எதில் என்ன சிக்கல் வரும் என்று பார்த்து எழுதுகிறேன். தங்கச்சியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமார்