புட்டி கழுவ ஒரு குழாய் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐந்து மாதப் பேரனோடு பேருந்தில் மலாக்கா போய் வந்தோம். வழியில் ஓய்வுத்தளத்தில் பால் புட்டியைக் கழுவப் போனால், கழிப்பறையில் கைகழுவும் தொட்டிக் குழாயைத் தவிர வேறு குழாயே இல்லை. பக்கத்தில் ஒருவர் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். மருமகள் புட்டியை அப்படியே பைக்குள் போட்டுவிட்டாள். இரவு விடுதியில் திறந்தால் புளித்த வாடை! நிப்பிளின் விளிம்புக்கு அடியில் பால் தயிராய்த் திரண்டு ஒட்டியிருந்தது. அப்புறம் விடுதிச் சமையலறையில் கெஞ்சி, பாகம் பாகமாகப் பிரித்துக் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தோம்.

திரும்பும்போது மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் தனி பிரஷும் வாங்கினேன். தொட்டியில் படாமல் டப்பாவுக்குள்ளேயே கழுவிவிடலாம். ஃப்ளாஸ்க்கில் கொதிநீரும் வைத்துக்கொண்டோம். மாவுப்பால் கிருமியற்றது அல்ல. 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலந்து, ஆறவைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். (மூன்று பிள்ளை வளர்த்த எனக்கு இது இப்போதுதான் தெரியும்.)

சாங்கி விமான நிலையத்தின் பாலூட்டும் அறைகளில் வெந்நீர் கிடைக்கிறது. பேருந்துப் பயணிகளுக்கு அவ்வளவு வேண்டாம். கழிப்பறைக்கு வெளியே ஒரு குழாய் வைத்தால் சரி.

ஒரு பாட்டி,
ஈசூன், சிங்கப்பூர்