ஜோகோவிச்சின் பாதிக் கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

டெனிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச் என்றாலே 24 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், பாரிஸ் ஒலிம்பிக் தங்கம் என்று எழுதுகிறோம். சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் 1999இல் நேட்டோ இராணுவக் கூட்டணியின் விமானங்கள் 78 நாட்கள் குண்டு போட்டபோது அவர் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் 12 வயதை எட்டிக்கொண்டிருந்த சிறுவன். இரவில் நிலவறைக்குள் பதுங்கல், பகலில் பயிற்சி. நேற்றுக் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் விழாது என்று நம்பி, அந்தப் பக்கத்து மைதானங்களையே தேடிப்போய் ஆடினார்களாம். போர்க்காலத்தில் பங்கருக்குள் கிடந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பள்ளிக்கூடங்களில் உதைபந்தும் கரப்பந்தும் உண்டு. டெனிஸ் மட்டையைத் தொட்ட பிள்ளையைக் காண்பது அரிது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஒரு பயிற்றுநரையாவது அனுப்பச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுதவேண்டும்.

வாசகர்,
புதுக்குடியிருப்பு